இரண்டு லீற்றர் ஓக் பீப்பாயும் ஒரு கச்சான் காலமும்

போர்ட் என்ற வீரியம் கூடிய இனிப்பு வைன் ஊறிய சின்ன ஓக் பீப்பாயில் கிடந்த சிங்கிள் மால்ட் விஸ்கியை (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் வடித்தது) சென்ற வாரம் வடித்தெடுத்துப் போத்தலில் அடைத்தேன். நன்றாகவே வந்திருக்கிறது. இந்த இடத்துக்கு வருவதற்குள் இரண்டு போத்தல் சிவப்பு வைன் வினாகிரியானது, பட்டறைத் தரையெல்லாம் ஒழுகியது, பக்கத்து வீட்டுக்காரர் நான் கசிப்புக் காய்ச்சுகிறேன் என்று சில நாட்கள் உறுதியாக நம்பினார். மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முடியும், ஆனால் ஸ்கொட்லாந்துக்காரர்கள் ஆண்டுக் கணக்கில் செய்வதை இங்கே நாள் கணக்கில் செய்து நிறுத்தத் தெரிய வேண்டும்.

என் தொழில் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் திருத்துவது. அளவுகோல், தராசு, மெல்லிய தகட்டு மானி இல்லாமல் எனக்கு எதுவும் ஓடாது. அதனால் தொடங்கும்போதே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொருள் வேண்டும் என்று நினைத்தேன். கிளென்மோரஞ்சி வடிசாலை இதற்குத் தோதானது. அவர்களுடைய அடிப்படை விஸ்கி பத்து ஆண்டுகள் பேர்பன் என்ற அமெரிக்கச் சோள விஸ்கி ஊறிய பீப்பாய்களில் மட்டும் கிடந்தது. அதே விஸ்கியை மேலும் நான்கு ஆண்டுகள் போர்ட் பீப்பாய்களில் இட்டு எடுத்ததுதான் குவின்டா ரூபன். இரண்டும் ஒரே கொப்பரையிலிருந்து வந்தவை. நடுவே நிற்பது பெரும்பாலும் வைன் பீப்பாய்தான். ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் தீர்வையற்ற கடையில் முதலாவதில் ஒரு லீற்றர் போத்தல்கள் இரண்டும், இரண்டாவதில் ஒரு போத்தலும் வாங்கி வந்தார். வாங்கச் சொன்னது நான்தான். எதற்கென்று சொன்னபோது அவர் முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டியதில்லை.

இப்படிக் கடைசியில் வேறொரு பீப்பாய்க்கு மாற்றி ஊறவைப்பது பழைய வழக்கம் அல்ல. பல்வெனி வடிசாலையின் டேவிட் ஸ்டுவார்ட் 1980களில் இதை முறையாகச் செய்து காட்டிய பிறகே மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். கிளென்மோரஞ்சி 1990களில் போர்ட், ஷெரி, மடெய்ரா வைன் பீப்பாய்களில் ஊறியவற்றை வரிசையாக இறக்கியது. இந்தியாவின் இந்திரி திரினி விஸ்கி கூட மூன்று வகைப் பீப்பாய்களில் ஊறுகிறது. அதில் ஒன்று பிரெஞ்சு வைன் பீப்பாய்.

பீப்பாயைக் கொழும்பில் ஓர் இறக்குமதியாளரிடம் வாங்கினேன். அமெரிக்க வெள்ளை ஓக், உள்ளே நடுத்தரமாகக் கருக்கியது, நான்கு இரும்பு வளையங்கள். நீளம் 21 சென்ரிமீற்றர், வயிற்றுப் பகுதியின் விட்டம் 15. வெறும் எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். விலை 18,500 ரூபாய், பஸ்ஸில் போட்டு அனுப்பிய கூலி 600. பொதியைப் பிரித்தபோதே வளையங்கள் கையால் தள்ள நகர்ந்தன. அது கச்சான் காற்று முற்றிய காலம். மேற்கிலிருந்து மலை தாண்டி இறங்கும் அந்த உலர்ந்த வெப்பம் கதவு நிலைகளையே இளக்கிவிடும். விரல் பருமன் ஓக் பலகை எம்மாத்திரம்?

தண்ணீர் ஊற்றினேன். கரையில் ஏற்றி இரண்டு மாதம் காயவிட்ட மர வள்ளத்தைத் திரும்ப வாவியில் இறக்கினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. பலகைகளின் இடுக்கெல்லாம் நீர்க்கோடு. முன் வட்டப் பலகையின் விளிம்பில் சொட்டு. மரத் திருகுக் குழாயைச் சுற்றி ஓட்டமாகவே வந்தது. கை பொறுக்காத சூட்டுத் தண்ணீர் ஊற்றி, ஆறியதும் மாற்றி, பிறகு வாளியில் முழுவதுமாக அமிழ்த்தி, மேலே ஒரு பழைய பற்சக்கரத்தைப் பாரமாக வைத்தேன். இரண்டு நாளில் பக்கவாட்டு இடுக்குகள் எல்லாம் ஊதி அடைத்துக்கொண்டன. முன் வட்டப் பலகை மட்டும் பிடிவாதமாக அழுதுகொண்டே இருந்தது.

பட்டறையில் நிற்கும் பையன், படகுக்குப் பூசும் ரெசினை வெளியே ஒரு தடவை தடவிவிடலாம் என்றான். ஃபைபர் கிளாஸ் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. நாற்பது சதவீத ஆல்கஹால் அதைத் தொட்டால் எதையெல்லாம் கரைத்து எடுத்துக்கொள்ளும் என்று யோசிக்கவே வேண்டாம். அவனிடமிருந்து ரெசின் தகரத்தை வாங்கி மேல் தட்டில் வைத்துவிட்டு, பீப்பாயை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு தன்னாமுனைக்குப் போனேன்.

மட்டக்களப்பில் போர்த்துக்கேய, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் குடும்பங்களில் தச்சும் கொல்லும் தலைமுறைத் தொழில். அங்கே எண்பதை நெருங்கும் தச்சர் ஒருவரிடம்தான் என் அப்பா வள்ளங்களுக்கு ஆணி அடிக்கப் பழகினார். நான் அவரை அங்கிள் என்றே அழைப்பேன். பீப்பாயைத் தட்டிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார், வட்டப் பலகையின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினார். "மகன், பலகையில் குற்றம் இல்லை. நடுவில் பன் வைக்காமல் சேர்த்திருக்கிறார்கள்" என்றார்.

பன் என்றால் நாங்கள் பாய் பின்னும் அதே பன்புல். ஸ்கொட்லாந்துப் பீப்பாய்த் தச்சர்களும் வட்டப் பலகைகளுக்கு நடுவே உலர்ந்த நாணல் இலையை வைத்துத்தான் இறுக்குகிறார்கள் என்று பின்னர் படித்து அறிந்தேன். அங்கிள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. வாவிக்கரையில் வளர்ந்தவருக்குத் தேவைப்படவும் இல்லை. வீட்டிலிருந்த பழைய பாயிலிருந்து சாயம் ஏறாத இரண்டு இழைகளை உருவிக்கொண்டோம். சாயம் ஏறியது கூடாது, வைனில் இறங்கிவிடும்.

வேலை இப்படிப் போனது. முன்பக்கத்து இரண்டு வளையங்களையும் கட்டைத் துண்டு வைத்துச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றினார். ஒரே இடத்தில் அடித்தால் வளையம் கோணும். ஓர் அடி, சிறிது திருப்பு, இன்னோர் அடி. பலகைகள் சற்று விரிந்ததும் வட்டப் பலகை கையோடு வந்தது. கருக்கிய உட்புறத்தை அப்போதுதான் பார்த்தேன்: முதலைத் தோல் போல வெடித்த கறுப்பு, தொட்டால் கையில் ஒட்டியது. துண்டுகளின் நடுவே பன் இழையை வைத்து, பலகை உட்காரும் காடியில் கோதுமை மாவைத் தண்ணீரில் குழைத்து மெல்லியதாகத் தடவி, திரும்பப் பொருத்தி வளையங்களை இறக்கினார். வளையம் இறங்கும்போது சுத்தியல் ஒலி மாறும். தொளதொளவென்ற ஓசை கெட்டியானதும் நிறுத்திவிட வேண்டும்; அதற்கு மேல் அடித்தால் சின்னப் பீப்பாயில் பலகை உள்ளே மடிந்துவிடும். திருகுக் குழாயை அவர் தூக்கிப் போட்டுவிட்டார். அந்தத் துளைக்கு வேப்பங்கட்டையில் ஓர் ஆப்பு சீவ நான் எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். வேம்பின் கசப்பு விஸ்கியில் ஏறினால் அப்புறம் எந்தப் போர்ட்டும் காப்பாற்றாது. வைன் போத்தலின் தக்கையைச் சீவி அடைத்தோம். வெளியே, இடுக்குகளின் மேல் மட்டும், தேன்மெழுகைச் சூடாக்கித் தேய்த்தோம். பீப்பாய் முழுவதும் மெழுகு பூசுவோரும் உண்டு. எனக்கு மரம் மூச்சுவிட வேண்டும் என்பதால் பூசவில்லை.

கூலி வாங்க மறுத்துவிட்டார். முடிந்ததும் ஒரு சிறிய போத்தல் கொண்டுவந்து தா என்றார்.

அடுத்தது வைன். முதலில் சாதாரணச் சிவப்பு வைனைத்தான் ஊற்றினேன், இரண்டு போத்தல். காரணம் சிக்கனம். பீப்பாயில் கால்பங்கு வெற்றிடம் இருந்தது, பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே பகலில் 37 பாகை வெப்பம். இரண்டாம் கிழமை தக்கையைத் திறந்தபோது மலே அச்சாறு வாசம் வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று சதவீத ஆல்கஹால் அசிற்றிக் பக்டீரியாவுக்குப் பெரிய தடையே இல்லை. காற்றும் வெப்பமும் கிடைத்தால் அது வைனை வினாகிரியாக்கிக்கொண்டே போகும். வைன் வெறுமையான பீப்பாய்க்குள் கந்தகம் கொளுத்தி வைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் இதற்காகத்தான். உரக்கடையில் கந்தகத் தூள் கிடைக்கும். ஆனால் இவ்வளவு சிறிய மரத்தில் அது ஏறினால் தீக்குச்சி வாசம் விஸ்கியில் வந்து உட்காரும் என்று தொடவில்லை.

தாய்வானின் கவலான் வடிசாலை நினைவுக்கு வந்தது. அவர்களுடைய வின்யோ பாரிக் விஸ்கி 2015இல் உலகின் சிறந்த சிங்கிள் மால்ட் என்று பரிசு பெற்றது. அதற்கான சிவப்பு வைன் பீப்பாய்களை ஜிம் சுவான் என்ற ஸ்கொட்லாந்து அறிஞரின் முறைப்படி உள்ளே சீவி, வாட்டி, மறுபடி கருக்கிய பிறகே பயன்படுத்தினார்கள். பழைய வைன் ஊறிப் புளித்த மேல்தோலை நீக்குவது அதன் பயன்களில் ஒன்று. என் கைக்குள் அடங்கும் பீப்பாய்க்குள் சீவுளி நுழையாது. எனவே சலவைச் சோடாவைச் சூட்டுத் தண்ணீரில் கரைத்து அரை நாள் நிரப்பி வைத்தேன். தேயிலைச் சாயம் போலப் பழுப்பாக வெளியே வந்தது. பிறகு சிற்றிக் அமிலக் கரைசல், பிறகு வெறும் தண்ணீர் பல தடவை. ஓரிரவு வைத்த தண்ணீர் மணமற்று இருக்கும் வரை விடவில்லை. வினாகிரி வீணாகவில்லை. அக்கா சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு ஊறுகாய் செய்துவிட்டார்.

இந்தக் கட்டத்தில்தான் பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "தம்பி, பின்பக்கம் ஏதும் கொதிக்கிறதா?" என்று கேட்டார். ஓய்வு பெற்ற தபால் அதிபர், மூக்குக் கூர்மையானவர். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தொட்டு அனுமதியில்லாமல் மது வடிப்பது குற்றம். வரி கட்டிய போத்தலைத் திறந்து மரத்தில் ஊற்றுவதுதான் என் வேலை என்று விளக்கினேன். நம்பினாரா தெரியவில்லை. பிறகு அடிக்கடி வந்து மணம் பார்த்துவிட்டுப் போனார்.

நேராக விஸ்கியை ஊற்றவில்லை. புதிதாகக் கருக்கிய ஓக் முதல் ஊறலில் கொட்டும் மரச்சாறு மென்மையான மால்ட்டை அமுக்கிவிடும். ஸ்கொட்லாந்தில் பெரும்பாலும் பேர்பன் ஊறி இறங்கிய பழைய பீப்பாய்களைப் பயன்படுத்துவதன் ஒரு நன்மை இதுவே. பேர்பன் சட்டப்படி புதிய கருக்கிய ஓக்கில்தான் ஊற வேண்டும் என்பதால் பழைய பீப்பாய்களுக்கு அமெரிக்காவில் பஞ்சம் இல்லை. எனக்குப் பேர்பன் இல்லை, தென்னஞ்சாராயம் இருந்தது. மூன்று போத்தல் வாங்கி இரண்டு லீற்றர் ஊற்றி, மீதியை ஒப்பிட வைத்துக்கொண்டேன். நம் சாராயம் வழக்கமாக ஹல்மில்ல மரத் தொட்டிகளில் கிடப்பது. ஓக்கின் கைவரிசை அதற்குப் புதிது. மூன்று வாரத்தில் நிறம் தேனைத் தாண்டிக் கருஞ்சிவப்பானது. அமெரிக்க ஓக்கில் இயல்பாகவே தேங்காய் மணம் தரும் லாக்டோன் என்ற சேர்மம் இருக்கிறது. தென்னையிலிருந்து வந்த சாராயத்தில் அது சேர்ந்ததும் மணம் கூடிப்போய், தேங்காய்ப்பூ வறுத்த அடுக்களை போலாகிவிட்டது. நாக்கில் மட்டும் பலகைத் துவர்ப்பு. ஜிஞ்சர் பியர் சேர்த்து நண்பர்கள் தீர்த்தார்கள்.

பீப்பாய் பழகிவிட்டது. இப்போது போர்ட். இருபது சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலும் சர்க்கரையும் இருப்பதால் இது எளிதில் புளிக்காது. முதலிலேயே இதை வாங்கியிருந்தால் சோடாவும் அமிலமும் மிச்சம். 750 மில்லிலீற்றர் ரூபி போர்ட் ஒன்று 11,500 ரூபாய். மூன்று வாங்கிப் பீப்பாயை நிரப்ப மனம் இடம் தரவில்லை. ஒன்றை ஊற்றி, காலையும் மாலையும் கால்சுற்று உருட்டினேன். வாரத்துக்கு ஒரு முறை இரு முகப்பிலும் மாறி மாறி நிமிர்த்தி வைத்தேன். மேலே நிற்கும் பலகை காய்வதற்கு முன் அதன் முறை வந்துவிட வேண்டும். சுண்ணக்கட்டியால் வட்டப் பலகையில் நான்கு கோடு போட்டிருந்ததால் உருட்டியது எது, உருட்டாதது எது என்ற வாக்குவாதம் வீட்டில் எழவில்லை.

இடத்தையும் மாற்றினேன். தகரக் கூரையை விட்டு, அடுக்களை மூலையில் குடிநீர் மண்பானை வைக்கும் ஈர மணல் மேடைக்கு. அங்கே பகலிலும் 30 பாகையைத் தாண்டுவது அரிது. ஈரச் சாக்கு போர்த்தினேன். சில நாளில் சாக்கில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்ததால் அதைக் கழற்றி வெள்ளைத் துணியை வாரம் இருமுறை கொதிநீரில் போட்டு எடுத்துப் போர்த்தினேன்.

ஒரு மாதம் கழித்துப் போர்ட்டை வடித்தேன். வெறும் பீப்பாயை நிறுத்தபோது புதிதாக வந்த நாளைவிட 160 கிராம் கூடுதல். அந்த 160 கிராம்தான் எல்லாம். வைன் பீப்பாயில் கடைசியாக ஊறவைத்தால் மணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்குத் தராசு சொல்லும் பதில் இது: மரத்துக்குள் தங்கிய வைன் திரும்பி வந்து விஸ்கியில் கலக்கிறது. மரத்தின் வேதியியல் பிறகுதான்.

உடனே, பலகை காயவிடாமல், ஒப்பிடச் சிறிது ஒதுக்கிவிட்டு மீதி மால்ட் முழுவதையும் ஊற்றினேன். ஊற்றும்போது கை சற்று நடுங்கியது உண்மை.

போர்ட் பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 550 லீற்றர் கொள்ளும். என்னுடையது இரண்டு. உருவம் சுருங்கும்போது கொள்ளளவு குறையும் வேகத்தில் உட்பரப்புக் குறைவதில்லை. கணக்குப் பார்த்தால் என் பீப்பாயில் ஒரு லீற்றர் விஸ்கிக்குப் பெரிய பீப்பாயைவிட ஆறு மடங்குக்கு மேல் மரம் கிடைக்கிறது. வெப்பம் இன்னொரு பெருக்கல். ஸ்கொட்லாந்தின் கிடங்குகளில் ஆண்டுக்கு இரண்டு சதவீதம் ஆவியாகும் என்பது பொதுவான கணக்கு. பெங்களூரில் அம்ருத் வடிசாலை பத்து சதவீதத்துக்கு மேல் இழக்கிறது. அந்த ஊரோ கடல்மட்டத்திலிருந்து 900 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. நாம் கடல்மட்டத்தில் வியர்த்துக்கொண்டிருக்கிறோம்.

தினமும் காலை அடுக்களைத் தராசில் பீப்பாயோடு நிறுத்தேன். கச்சான் வீசிய நாட்களில் ஒன்பது கிராம் வரை குறைந்தது. காற்று நின்று வாவிப் பக்கத்து ஈரம் ஏறிய நாட்களில் நாலு கிராம். இது முழுவதும் விஸ்கி அல்ல, மரத்தின் ஈரமும் ஏறி இறங்கும். இன்னொன்று: உலர்ந்த காற்றில் தண்ணீர் கூடுதலாகப் போகும், மிச்சம் காரமாகும்; ஈரக் காற்றில் ஆல்கஹால் கூடுதலாகப் போகும், மிச்சம் தளரும். மணல் மேடையும் ஈரத் துணியும் அளவைக் காப்பாற்றி வீரியத்தைக் குறைக்கின்றன என்பது இதன் பொருள். சில நாட்களே ஊறப்போகும் திரவத்துக்கு அது பெரிய நட்டம் இல்லை. மாதக்கணக்கில் என்றால் யோசிக்க வேண்டும்.

மாதிரி எடுக்க ஊசியில்லாத மருந்தகச் சிரிஞ்சு, பத்து மில்லிலீற்றர். ஐந்தை முகர்ந்து சுவைத்துவிட்டு ஐந்தைப் பழைய பென்சிலின் குப்பிகளில், கொதிநீரில் அவித்து எடுத்தபின், திகதி ஒட்டி நிறுத்தினேன். இரண்டாம் நாள் நிறம் செம்பொன்னுக்கு மாறியது, மணத்தில் வேறுபாடு இல்லை. நாலாம் நாள் திராட்சைத் தோல். ஐந்து, ஆறில் நாவற்பழமும் கித்துள் கருப்பட்டியும், அடியில் பழைய விஸ்கியின் தோடம்பழத் தோலும் வெனிலாவும் கலையாமல். ஏழில் பழம் இன்னும் தடித்தது. எட்டாம் நாள் நாக்கின் ஓரங்களில், ஊறவைத்து மறந்துபோன பிளேன்டீயின் துவர்ப்பு. சாராயத்தில் சந்தித்த அதே பலகை. அன்று மதியமே வடித்துவிட்டேன். துவர்ப்பு வந்ததைக் கண்டபின் வடிப்பது ஒரு நாள் தாமதம்தான். ஒப்பிட வைத்திருந்த அடிப்படை விஸ்கியில் நூறு மில்லிலீற்றர் சேர்த்ததும் விளிம்பு மழுங்கியது. காப்பி வடிதாளில் இரு தடவை வடித்தபோது கரித்தூள் நின்றுவிட்டது. கையில் கிடைத்தது இரண்டு லீற்றருக்குச் சற்றுக் குறைவு.

வீரியம் எவ்வளவு என்று அளக்கப் போனதில் ஒரு பாடம். ஆல்கஹால் மானி 40 காட்டியது. ஆனால் அந்தக் கருவி 20 பாகைக்கு அமைக்கப்பட்டது, திரவம் 30 பாகையில் இருந்தது, திருத்தினால் 36. அதுவும் சரியல்ல. போர்ட்டிலிருந்து வந்த சர்க்கரை திரவத்தை அடர்த்தியாக்குவதால் மானி உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். 160 கிராமும் முழுமையாகக் கலந்தது என்று வைத்துக் கணக்கிட்டால் 38ஐ ஒட்டி வருகிறது, நான் அதையே நம்புகிறேன். ஐயமில்லாமல் அறிய ஒரு பகுதியை வடித்துப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் தபால் அதிபர் ஐயாவின் சந்தேகம் உண்மையாகிவிடும். ஸ்கொட்ச் விஸ்கிக்கு 40 சதவீதம் கீழ்வரம்பு, பீப்பாய் ஸ்கொட்லாந்திலேயே கிடக்க வேண்டும் என்று அவர்களுடைய 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. என் அடுக்களைச் சரக்கு இரண்டிலும் தோற்றது. பெயரில்லாமலே குடித்துக்கொள்வோம்.

சுவைக்கும் நாளில் மூன்று கோப்பை: அடிப்படை, என்னுடையது, குவின்டா ரூபன். நிறம் தெரியாதிருக்க மச்சானும் நானும் ஆளுக்கொரு பீங்கான் கோப்பைத் தொகுதியில் குடித்தோம். அக்கா ஊற்றி வரிசையைக் குறித்துக்கொண்டார். ஐஸ் இல்லை. இங்கே அறை வெப்பமே 30 பாகை என்பதால் கோப்பையைச் சற்றுக் குளிர்நீரில் நிறுத்தி எடுத்தோம். இல்லாவிட்டால் ஆல்கஹால் ஆவி மூக்கை மூடிவிடும். முதலில் தனியாக, பிறகு சில துளி தண்ணீர். மச்சான் என்னுடையதைக் குவின்டா ரூபன் என்று சொன்னார், அதற்காக அவரைப் பெரிதாக நம்பவில்லை. எனக்கு வேறுபாடு தெரிந்தது. அவர்களுடையதில் பழம் விஸ்கியின் உள்ளே கரைந்திருக்கிறது, 46 சதவீதத்தின் திடம் அதைத் தாங்குகிறது, விழுங்கிய பின் புதினா கலந்த கறுப்புச் சொக்லேற் நெடுநேரம் நிற்கிறது. என்னுடையதில் பழம் முன்னால் வந்து நிற்கிறது; நாவற்பழம் பளிச்சென்று வரும், பிறகு சற்று வெறிச்சோடி, கடைசியில் மெல்லிய துவர்ப்பு. தண்ணீர் சேர்த்தால் அவர்களுடையது விரிகிறது, என்னுடையது தளர்கிறது. நான்கு ஆண்டுகளில் மரத்தின் வழியே காற்று நுழைந்து மெதுவாகச் செய்யும் வேலையை எட்டு நாள் வெயில் செய்யாது. மணத்தையும் நிறத்தையும் வெப்பம் விரைவாகத் தந்துவிடும், இணக்கத்தைத் தராது. வறுத்த மரமுந்திரிகைப் பருப்போடு என்னுடையது நன்றாகப் போகிறது. வாவி நண்டுப் பொரியலின் காரத்தோடு போர்ட் இனிப்பு சண்டை பிடித்தது.

அங்கிளுக்கு 200 மில்லிலீற்றர் கொடுத்தேன். முகர்ந்துவிட்டு, "சாராயத்தில் செய்து பார்த்தாயா?" என்றார்.

அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். ஒதுக்கி வைத்திருந்த கால் லீற்றர் சாராயத்தோடு புதிதாக இரண்டு போத்தல் சேர்த்து அதே பீப்பாயில் ஊற்றியாயிற்று. மரச்சாறு இரு ஊறல்களில் இறங்கிவிட்டதால் துவர்ப்பு இல்லை. போர்ட்டின் மிச்சமும் மால்ட்டின் நெடியும் தென்னையோடு சேர்ந்து, உண்மையைச் சொன்னால், விஸ்கியைவிட எனக்குப் பிடித்திருக்கிறது. மச்சானிடம் இதைச் சொல்லவில்லை.

செலவு: பீப்பாயும் கூலியும் 19,100, சிவப்பு வைன் 7,000, முதற் சாராயம் 12,000, போர்ட் 11,500, சோடா, அமிலம், மெழுகு, சிரிஞ்சு எல்லாம் 1,500. மொத்தம் 51,100 ரூபாய். விஸ்கி மச்சான் கணக்கு. அவர் திரும்பும்போது மூன்று கிலோ நெத்தலிக் கருவாடு கட்டிக் கொடுத்தேன்.

அடுத்த தடவை ஐந்து லீற்றர் பீப்பாய். மரத்தின் பிடி அந்த அளவுக்குத் தளரும், ஊறலுக்குக் கூடுதல் நாள் கிடைக்கும். வாங்குவது ஐப்பசியில், மாரி மழை தொடங்கி காற்றில் ஈரம் ஏறிய பிறகு. கச்சானில் பீப்பாய் வாங்குவது ஒழுகலை விலைக்கு வாங்குவது. வந்த அன்றே முன்பக்க வளையத்தைக் கழற்றிப் பன் வைப்பேன், திருகுக் குழாய் வேண்டாம் என்று விற்பவரிடமே சொல்லிவிடுவேன். விஸ்கி 46 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளதாக இருக்க வேண்டும், மரத்திலிருந்து வரும் போர்ட் இழுத்தாலும் நாற்பதுக்கு மேலே நிற்கும். நாலாம் நாளுக்குப் பிறகு காலையும் மாலையும் மாதிரி எடுப்பேன்.